தண்ணிக்கூண்டுக்குக் காற்று கேட்ட நாள்

என் அத்தானின் வலது புறங்கை எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். பினாங்கில், கடலோரத்துச் சந்து ஒன்றில் இருந்த ஐஸ் கம்பெனியில் அவர் மெஷின் டிரைவர். நான் அவருக்குக் கீழே எண்ணெய் போடுகிறவன். அக்காவைக் கட்டியவர் என்ற உரிமையில் அவர்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அதே உரிமையில் என்னைப் படுத்தியும் எடுத்தார். மெஷினை என்னிடம் விட்டுவிட்டு அடிக்கடி வெளியே போய், முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சூடு காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் நம்பமாட்டார். தன் கையையும் முழுக்க நம்பாததால் என்னைக் கூப்பிட்டு என் கையையும் வைக்கச் சொல்வார். "நேத்துக்கு இன்னிக்கு சூடு ஜாஸ்தியா இருக்கா தம்பி?" என்பார். இல்லை என்றால், "நல்லாப் பாத்துச் சொல்லு லா" என்பார். ஆமாம் என்றால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் நான் பெரும்பாலும் இல்லை என்றே சொல்லி வந்தேன்.

அந்தத் தொட்டிக்கு மேலேதான், நாங்கள் தண்ணிக்கூண்டு என்று சொல்லும் மரக் கோபுரம் நின்றது. மூன்று ஆள் உயரம். நாலு பக்கமும் சாய்வான பலகை அடுக்கு. மெஷின் அமோனியாவை அழுத்தும்போது குழாய்கள் சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். சூடு வாங்கிய தண்ணீரைப் பம்பு கூண்டின் உச்சிக்கு ஏற்றும். அது பலகைக்குப் பலகை சிதறிக் கீழே விழும். கடல் காற்று குறுக்கே புகுந்து சூட்டைக் கொண்டுபோகும். ஆறிய தண்ணீர் தொட்டிக்கு வந்து மறுபடி குழாய்க்குப் போகும். இப்போது இருப்பதுபோல விசிறி எல்லாம் அப்போது கிடையாது. காற்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அத்தனை பெரிய மெஷினும் கடைசியில் கடலின் தயவில்தான் ஓடுகிறது என்பது, வாசலில் ஐஸ் வாங்கிப் போகிற மீன்காரர்களுக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரியும். தூக்கத்திலும் தெரியும் என்று அக்கா சொல்வாள்.

காற்று பலமாக அடித்தாலும் அவருக்கு நிம்மதி இல்லை. துளிகள் வெளியே பறந்து தண்ணீர் வீணாகும். தண்ணீர்மலை அருவியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை விட்டு ஈடுகட்ட வேண்டும். வெயில் நாளில் அந்தக் குழாய் நூலாக ஒழுகும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த உப்பு எங்கேயும் போவதில்லை. பழைய தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்காவிட்டால் குழாயெல்லாம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். பலகையில் பாசி பிடித்தால் தண்ணீர் சிதறாமல் ஒரே பக்கமாக வழியும். அதைச் சுரண்டும் வேலை எனக்கு. கூண்டின் மூலையில் அக்காவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அது படபடத்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். அது தொங்கிவிட்டால் அவர் முகமும் தொங்கிவிடும். "எனக்கு வலி வந்தாக்கூட அந்தத் துணிய ஒரு தடவ பாத்துட்டுத்தான் மருத்துவச்சியக் கூப்பிடப் போவாரு" என்று நிறைமாதமாக இருந்த அக்கா கேலி செய்வாள்.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மெஷினில் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்று உண்டு. தண்ணீர் ஆறாவிட்டால் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வால்வு தானாகத் திறந்து அமோனியாவை வெளியே தள்ளிவிடும். தள்ளும் குழாயின் வாய் சந்தைப் பார்த்து இருந்தது. அதை நேராக மூச்சில் வாங்கியவனுக்குக் கண் போகும், தொண்டை அடைத்து உயிரும் போகலாம். கோட்டுக்கு முள் போகும் முன்பே மெஷினை நிறுத்திவிட்டால் ஆபத்து இல்லை. ஆனால் அக்காவுக்கு நிறைமாதமான அந்த மாதத்தில்தான் அத்தான் ஒருநாள் அவசரப்பட்டு நிறுத்தியிருந்தார். அன்று முள் அவ்வளவு ஏறவும் இல்லை. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் நல்ல காற்றும் வந்தது. அச்சில் பாதி உறைந்த ஐஸ் பாழாகி, மீன்காரர்கள் வாசலில் சண்டை போட்டார்கள். மேனேஜர் துரை அத்தானைக் கூப்பிட்டு, இன்னொரு முறை பயந்துபோய் நிறுத்தினால் வேலையும் இல்லை, கம்பெனி வீடும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் பெண்டாட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலையும் அன்றிலிருந்து அவரோடு சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. செத்துப்போனவர்களின் ஆவிகள் பசியோடு ஊருக்குள் உலாவ வரும் மாதம் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அந்த ஆவிகளுக்காகத் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் படையல் வைத்து, வாயாங் என்று நாங்கள் சொல்லும் கூத்து ஆடுவார்கள். எங்கள் சந்துக்காரர்கள் வழக்கமாக மேடையைச் சந்தின் கோடியில் போடுவார்கள். அந்த வருஷம் அங்கே சாக்கடை தோண்டிப் போட்டிருந்ததால், எங்கள் வேலியை ஒட்டி, தண்ணிக்கூண்டுக்கும் கடலுக்கும் நடுவில் போட்டுவிட்டார்கள். மேடையின் பின்பக்கம் முழுக்கக் கனத்த படுதா. பூசை போட்டு முடித்த மேடையை ஆவிகளை வழியனுப்பும்வரை நகர்த்தக் கூடாது. முதல் இரண்டு நாளும் இரவில் மட்டும் கூத்து. இரவில் ஊரே குளிர்ந்திருந்ததால் எப்படியோ ஓட்டிவிட்டோம். மூன்றாம் நாள் பகல் கூத்தும் இருந்தது. மழைக்கு முந்தின புழுக்கம் வேறு.

அன்று மத்தியானம் சேலைக் கிழிசல் அசையவே இல்லை. கடலில் காற்று இருந்தது. மேடைக் கூரையின் ஓலை ஆடுவது எங்களுக்குத் தெரிந்தது. படுதா மறைத்ததால் கூண்டுக்குத்தான் வரவில்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்தோம், ஒழுகியது. அத்தான் கிடங்கிலிருந்து ஐஸ் கட்டிகளை உருட்டிவரச் சொல்லித் தொட்டியில் போட்டார். செய்த ஐஸைக் கரைத்து ஐஸ் செய்கிற கம்பெனி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிகள் கரையும்வரை முள் நின்றது, பிறகு மறுபடி ஏறியது. துரையோ சூடு தாங்காமல் மலைமேல் பங்களாவுக்குப் போயிருந்தார்.

அத்தான் சந்துக்குப் போய், விழாவை நடத்துகிற சீன முதலாளியிடம், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிறவரிடம், பேசிப் பார்த்தார். ஊதுபத்திக் கடை வைத்திருந்த பெரியவர் அவர். அத்தானுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். அதுவும் யாரிடமாவது உதவி கேட்கப் போனால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். மேடையில் தாளமும் முரசும் காதைப் பிளந்தன. தவுக்கே அவரைக் கூட்டத்தில் ஒருவராக நினைத்து, கையை ஆட்டி, போய் உட்காரச் சொல்லிவிட்டார். அத்தான் திரும்பி வந்து மெஷினை நிறுத்தும் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்து நின்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "கோட்டுக்கு ஒரு வெரல் இருக்கறப்ப நிறுத்திருவேன் தம்பி" என்றார். "சந்துல எவ்வளவு புள்ளைங்க உக்காந்திருக்கு பாத்தியா? வீடு போனாப் போகட்டும். ஒங்க அக்காகிட்ட நீ சொல்லிரு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோப்பி கொண்டுவந்த அக்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். "அவ எங்க போறான்னு பாரு" என்று அத்தான் என்னை அனுப்பினார்.

நான் வேலியோரம் ஓடிவந்து பார்த்தபோது அவள் கூட்டத்தின் நடுவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேராக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. முதல் வரிசை நாற்காலிகள் மட்டும் காலி. அவை மனிதர்களுக்கு அல்ல. கூத்துப் பார்க்க வரும் ஆவிகளுக்கு. தும்மல் வந்தால்கூட அந்தப் பக்கம் பார்த்துத் தும்மமாட்டார்கள். அக்கா அந்த வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் முரசு நின்றது. பிறகு தாளம். முதுகில் கொடிகள் செருகிய தளபதி, தூக்கிய காலை இறக்காமல் அவளைப் பார்த்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதுவும் பிள்ளைத்தாச்சி. தவுக்கே முகம் வெளிறி ஓடிவந்தார். சந்தில் தண்ணிக்கூண்டின் சலசலப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த அமைதியில் அக்கா, தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், "ஆங்கின் தாடா, தவுக்கே" என்றாள். காற்று இல்லை என்று அர்த்தம். பிறகு படுதாவைக் காட்டி, அதைத் தூக்கச் சொன்னாள். தூக்காவிட்டால் விஷக் காற்று வெடித்து இங்கே வரும் என்று எங்கள் குழாயின் வாயைக் காட்டினாள். அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப அந்த நேரத்தில் தவுக்கே எதையும் கொடுத்திருப்பார். படுதாதானே கேட்டாள்.

நாலு பேர் படுதாவைச் சுருட்டி மேலே கட்டினார்கள். பின்னால் பாதி வேஷத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த மகாராணி அலறிக்கொண்டு மூலைக்கு ஓடினாள். கடல் காற்று மேடைக்குள் புகுந்து, தளபதியின் கொடிகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டு, கூண்டுக்குள் நுழைந்தது. கூத்து மறுபடி தொடங்கியது. தளபதிக்குப் பின்னால் எங்கள் கூண்டில் தண்ணீர் சிதறி விழுந்தபடி இருந்ததை, மலையருவி என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் கை தட்டின. நான் உள்ளே ஓடினேன். முள் கோட்டுக்கு ஒரு விரலுக்குக் கொஞ்சம் கீழே நின்று, யோசித்து, மெதுவாக இறங்கியது. அத்தான் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அக்கா எங்கே உட்கார்ந்தாள் என்பதை நான்தான் சொன்னேன். அவருக்கு வந்த நிம்மதி அத்தோடு போயிற்று. அக்கா கப்பலில் வந்து அஞ்சு வருஷம்தான், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சந்துக்காரர்கள் பெருந்தன்மையாகப் பேசினார்கள். ஆவி அண்டாமலிருக்கப் பெண்கள் சிவப்புக் கயிறு கொண்டுவந்து அவள் கையில் கட்டினார்கள். அக்கா கட்டிக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க, தண்ணீரை விட்டுவிட்டு அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சி வந்த அன்று, உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்று என் தோளைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி ஒரு வாரம் வலித்தது. பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து அதற்குத் தாளம் போட்டால்தான் தூக்கம் வரும்.

மறு வருஷம் மேடை பழைய இடத்துக்குப் போய்விட்டது. கூத்து தொடங்கும் முன் அத்தான் குளித்து, வேட்டி மாற்றி, தன் காசில் ஒரு ஐஸ் கட்டி வாங்கித் தோளில் சுமந்துபோய், முதல் வரிசையின் நடு நாற்காலியில் வைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தவுக்கே நாற்காலியைத் துடைத்து இடம் செய்து கொடுத்தார். கூத்து முடியும்போது கட்டி கரைந்து நாற்காலிக்குக் கீழே ஈரம் மட்டும் இருந்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே வைத்தார். துரைமார் மாறினார்கள், மகள் சமைந்தாள், அத்தானுக்கு முதுகு வளைந்தது. தூக்க முடியாதபோது என்னைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கூடவே நடந்து வந்தார்.

அவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. கம்பெனியில் மரக்கூண்டைப் பிரித்துவிட்டு மின்சார விசிறி வைத்த இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை. அண்மையில் அக்காவும் நானும் அந்த வழியாக நடந்து போனபோது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். அது யாருடைய நாற்காலி என்று அன்றைக்கு நிஜமாகவே தெரியாதா என்று.

"அஞ்சு வருஷம் அந்தச் சந்துல கூத்துப் பாத்தவளுக்குத் தெரியாம இருக்குமா தம்பி?" என்றாள் அக்கா. "உசுரோட இருக்கறவங்க யாரும் அவரு பேச்சக் கேக்கல. அவங்க யாருக்குப் பயப்படுவாங்களோ அங்க போயி உக்காந்தேன். எனக்கும் பயம்தான். வயித்துல புள்ள."

"அத்தான்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சே புள்ளயோட போயி உக்காந்தேன்னு சொன்னா அந்த மனுஷன் தாங்குவாரா? கடைசி வரைக்கும் நான் வாயத் தொறக்கல." திரும்பி அந்த இரும்புக் கூண்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆனா அவருக்குத் தெரியும். தெரியாம உக்காந்தவளுக்காக யாராச்சும் வருஷா வருஷம் ஐஸ் தூக்கிட்டுப் போயி மன்னிப்புக் கேப்பாங்களா?"