சூப்பில் தூவிய வெள்ளைத் தூள்

அறுபதுகளில் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சின்ன ஓட்டல் நடத்தினேன். ஆட்டெலும்பு சூப்புக்கு ருசி கூட்ட, பெங்களூரில் வாங்கிய, சீன ஓட்டல்களில் போடும் வெள்ளைத் தூளைக் கொஞ்சம் தூவுவேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, முனுசாமி அண்ணனைத் தவிர. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சூப் குடிப்பார். சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொள்வார்.

“கீழ காத்து ஒத்துக்கல போல. மேல சர்பேஸ்ல வேலை கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். கூலி கம்மிதான், இன்னா பண்றது?” என்றார் ஒருநாள்.

“நேத்து லீவுதானே அண்ணே, நேத்துமா வலிச்சுது?”

“ஆமா. நேத்தும் இங்கதான் உக்காந்திருந்தேன்.” கிண்ணத்தை ஒரு தரம் பார்த்தார். “இதுல இன்னா போடற?”

கரண்டியால் சூப்பைக் கிளறினேன். “எலும்பும் மிளகும்தாண்ணே. வேற இன்னா போடப் போறேன்?”

அன்றைக்கே தூளைக் குப்பையில் கொட்டிவிட்டேன். அந்த வாரமே அவரும் மேல் வேலைக்கு மாறினார். தலைவலி நின்றது.

“மேல வந்ததும் போயே போச்சு. உன் சூப்புதான் இப்ப சப்புனு கீது” என்று சிரித்தார்.

தூள்தான் காரணமா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவர் கேட்டபோது சொல்லியிருந்தால், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கியிருப்பார். கூலி குறைந்த பிறகும் அவர் என் கடைக்கே வந்தார். நானும் சிரித்தபடியே ஊற்றினேன்.