அக்காவின் லேப்டாப்புக்கு எவ்வளவு மெமரி

உங்கள் அக்காவுக்கு லேப்டாப் வாங்கியது உங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்காது. தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு. பாப்பாவுக்குப் பேச்சே சரியாக வராது. உங்கள் அப்பாவான நான் பத்தாவதோடு நின்றவன், லாட்ஜில் ரூம் சாவி கொடுத்து வாங்குகிற வேலை. எழுத்து அவ்வளவாக வராது. வந்தவரை எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அக்கா கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே மங்க ஆரம்பித்த பார்வை, அந்த வருடம் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்தாலும் எழுத்து பிடிபடாத நிலைக்கு வந்துவிட்டது. இது திரும்புகிற பார்வை இல்லை, இருப்பதும் குறையும் என்று சென்னை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். நானும் அக்காவும் கேட்டுக்கொண்டோம். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலை சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று மகளுக்குக் கண்ணைக் கேட்டாள். காலையில் அக்காவை எழுப்பும்போது முகத்துக்கு நேரே குனிந்து, "நான் தெரியறனா?" என்பாள்.

"நல்லா தெரியறம்மா," என்பாள் அக்கா. அந்த பதிலில்தான் அம்மாவின் அன்றைய பொழுது ஓடும்.

கல்லூரியில் ஒரு மேடம் வழி சொன்னார். பாடப் புத்தகத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டால் அதை வாய்விட்டு வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதாம். வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று லேப்டாப்பாகத் தேடினோம். வேங்கிக்கால் போகிற ரோட்டில் கடை வைத்திருந்த ஒருவர் பழையது ஒன்றைப் பிடித்து, சாஃப்ட்வேரையும் ஏற்றி வைத்திருந்தார். மெமரி எவ்வளவு என்று மட்டும் யோசித்து வந்து சொல்லுங்கள் என்றார். உள்ளே இருந்தது 512 எம்.பி. டைப் அடிக்க, பாட்டுக் கேட்க அது போதும். வாசிக்கிற குரல் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமென்றால் காலியாக இருந்த இன்னொரு இடத்தில் ஒரு ஜி.பி. சேர்த்துப் போட வேண்டும்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கண் திரும்பிவிட்டால் வாசிக்கிற குரல் எதற்கு? பெரிய மெமரி போட்டால், திரும்பாது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். சாமியையே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தாள். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, அதே மாதிரி இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கண் திரும்பும், இருக்கிற மெமரியே போதும். சிவப்பு வந்தால் சேர்த்துப் போடுவது. விளக்குக்கு முன்னால் பொட்டலங்களைப் போட்டு பாப்பாவை எடுக்கச் சொன்னாள். பிரித்தால் வெள்ளை. அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தாள். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். என்ன பூ என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனோம். "இருக்கறதே போதும் தம்பி," என்று அம்மாதான் கடைக்காரரிடம் முதலில் சொன்னாள்.

"மெமரின்றது சாப்புடற டேபிள் மாதிரிம்மா," என்றார் கடைக்காரர். "சின்ன டேபிள்னா தட்டு மட்டும்தான் வைக்கலாம். சோத்துப் பானை, கொழம்பு சட்டிக்கெல்லாம் எடம் பத்தாது."

"நாங்க தரையில உக்காந்துதான் சாப்புடறோம்."

அக்காவே சிரித்துவிட்டாள். கடைக்காரர், "சரி, நீங்களே கேளுங்க," என்று ஒரு பாடத்தைத் திறந்து வாசிக்க விட்டார். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர் பேசுவது போல ஒரு குரல். நாலு வார்த்தை வந்தது, நின்றது. இன்னும் இரண்டு வந்தது, மறுபடி நின்றது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் முந்தியது அவளுக்கு நழுவிப்போவது முகத்திலேயே தெரிந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தான. அதுக்குள்ள கண்ணு வந்துடும். பூவே சொல்லிடுச்சு," என்றாள் அம்மா.

"பூ உனக்கு வந்துதும்மா. பரிச்ச எனக்கு வருது."

"சாமி சொன்னத விட ஒன் பரிச்ச பெருசாடி?"

அக்கா மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காலைல குனிஞ்சு கேக்கற இல்ல, நான் தெரியறனான்னு? தெரியலம்மா. தீபாவளிக்கு முன்னாடியே போய்டுச்சு. வளையல் சத்தத்த வச்சுதான் சொல்லிட்டிருந்தேன். நீ கால் வீங்க வீங்க சுத்திட்டு வர. ஒன்கிட்ட எப்டி சொல்றது?"

கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பது போல அம்மா என்னைப் பார்த்தாள். சத்தியமாக எனக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது உள்ளே இறங்கியது.

"ஜாஸ்தியே போடுங்க தம்பி," என்றேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். மெமரி என்பது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதை அக்காவிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "இவ்ளோண்டுதானா!" என்றாள் அக்கா. வாங்கிச் செருகி, மூடி, மறுபடி அதே பாடத்தை வாசிக்க விட்டார். குரல் இந்தத் தடவை நிற்கவில்லை. வரிக்கு வரி ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து கூடவே சொல்லிப் பார்த்தாள்.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்சநேரம் கழித்து, மறைக்க வேண்டியதில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போல. முந்தானையை விட்டுவிட்டு மகளுக்கு நேரே திரும்பி நின்று, சத்தம் மட்டும் வராமல் அழுதாள். அக்கா தலையாட்டித் தலையாட்டிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.