மூன்றாவது உதாரணம்

மருதமுனை ஸுஹைறா கம்பியூட்டர் படித்தவள். கொழும்புக்குப் போகாமல், ஊருக்குப் பக்கத்திலேயே அபுல் ஹஸன் ஹாஜியாரின் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நெல் ஏற்றும் பெல்ட்டை ஓட்ட ஹாஜியார் புதிய கொன்ட்ரோலர் ஒன்று வாங்கியிருந்தார். அதோடு வந்த மென்பொருள் தொகுதியில், புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்று சின்னச் சின்ன உதாரண புரோகிராம்கள் இருந்தன. முதலாவது ஒரு விளக்கை மினுக்கியது. இரண்டாவது தொட்டி நிரம்பினால் மணி அடித்தது. மூன்றாவது மோட்டரை ஓட்டியது. அந்த மூன்றாவதைப் பெயர் மட்டும் மாற்றி அப்படியே ஏற்றிவிட்டாள். ‘இது பழகுவதற்கு மட்டும்’ என்று மேலே எழுதியிருந்ததை வாசிக்கவும் செய்தாள். வாசித்து என்ன பயன்? பெல்ட் ஓடியதும் சந்தோசத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதுமே பெல்ட் தானாகப் புறப்படும். நல்ல வசதி என்று ஹாஜியாரும் மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னால் மெயினை நிறுத்திவிட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போவார்கள். பாண்டிருப்புக் கனகரெத்தினம் மட்டும் ஆலையில் இருப்பார். பெல்ட்டின் உருளைகளில் சுற்றிய வைக்கோலை அந்த நேரத்தில்தான் துடைத்தெடுப்பார். மெயின் வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தாமல் பெல்ட் ஓடாது என்பது அவருடைய இருபது வருசப் பழக்கம்; புதிய கொன்ட்ரோலரின் நாலு நாளில் அது மாறிவிடவில்லை.

தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் வாசலிலேயே மெயினைப் போட்டார். பெல்ட் தானாகப் புறப்பட, கனகரெத்தினம் துடைத்துக்கொண்டிருந்த துணியை உருளை இழுத்தது. அவருடைய விரல் நகமும் அதோடு போனது.

“என்ட பிழைதான் ஹாஜியார். நான் பாத்திருக்க வேணும்” என்றார் அவர். ஹாஜியாரும் ஓம் என்று தலையாட்டினார். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஸுஹைறா அந்த விரலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அந்த மனுசனோடு போயிருக்கும்.

“இல்ல ஹாஜியார். பிழ உட்டது நான். கரண்ட் வந்தா தானா ஓடப்படாதெண்டு நான் புரோகிராம்ல எழுதல்ல.”

மூன்று நாள் இருந்து திருத்தினாள். இருபது தரம் மெயினைப் போட்டுப் பார்த்தாள், பெல்ட் அசையவில்லை. ஆனாலும் கனகரெத்தினம் கிட்டப் போகவில்லை. விரலில் கட்டோடு எட்டவே நின்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உருளையின் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

“மெயினப் போடுங்க ஹாஜியார்.”

“என்ன புள்ள, விசரா? கைய எடு!” கனகரெத்தினம் ஓடி வந்தார்.

“அண்டைக்கு ஒங்கட கைய ஒங்களுக்குத் தெரியாம இதுல வெச்சது நான்தானே அண்ண.”

ஹாஜியார் பிஸ்மி சொல்லி மெயினைப் போட்டார். பெல்ட் அப்படியே கிடந்தது. அவள் கையும் அங்கேயே இருந்தது. கனகரெத்தினம் கட்டுப் போட்ட தன் கையையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார்.