கேட்டிலிருந்து சிவில் பிளாக் வரை

நான் படித்த பல்கலைக்கழகம் வாலாஜாபாத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. பெரிய கேட். அதற்குள்ளே நேராக இரண்டு கிலோமீட்டர் போகும் தார்ச்சாலை. அதன் கடைசியில்தான் எங்கள் சிவில் பிளாக். காவாந்தண்டலத்தில் பஸ் ஏறி, வாலாஜாபாத்தில் மாறி, கேட்டில் இறங்கும்போது மணி எட்டே முக்கால் ஆகிவிடும். உள்ளே ஓடும் வளாக வேன் எட்டு நாற்பதுக்கே கிளம்பிவிடும். மூன்றாம் ஆண்டு வரை அந்த வேனின் பின்பக்கத்தைத்தான் பார்த்தோம்.

பழையசீவரத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி என்னோடு நடப்பாள். சாலையின் ஒரு பக்கம் ஏரிக்கரை, இன்னொரு பக்கம் கருவேல முள். பாதி வழியில் அவள் பையிலிருந்து வேர்க்கடலை வெளியே வரும். எங்களுக்குச் சற்று முன்னால் விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவர்கள் முன்னால் உட்காருவார்கள், நாங்கள் பின்னால். அந்தக் கூட்டத்தில் என் சித்தியும் இருந்தார். அம்மாவின் தங்கை. எங்கள் தெருவிலேயே வீடு. அவர் என் சித்தி என்பது வகுப்பில் அந்தத் தோழி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. சித்தியும் வளாகத்துக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் ஆண்டில் எங்கள் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். காலையில் கல்லூரிப் பஸ்கள், ஆசிரியர்களின் கார்கள், மாணவர்களின் பைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டுக்குள் நுழைந்து முட்டிக்கொள்ளும். அதைச் சீர்செய்ய வழி சொல்ல வேண்டும். முதலில் மூன்று நாள் முந்தைய பஸ்ஸிலேயே வந்து, கேட்டில் நின்று வாகனங்களை எண்ண வேண்டும். நாங்கள் நாலு பேர், கையில் ஆளுக்கொரு அட்டை, அதில் அச்சடித்த தாள். கார், பைக், பஸ், சைக்கிள் என்று நாலு கட்டங்கள்.

முதல் நாள் சித்தியின் கூட்டம் எங்களைக் கடந்தபோது அவர் மட்டும் நின்றார்.

"இன்னாம்மா எழுதிக்கினு கீற?"

"வண்டிங்க எவ்ளோ வருதுன்னு கணக்கு எடுக்கறோம்."

"எங்களயும் எழுதிக்கினியா?"

"நடந்து போறவங்களுக்கு இதுல எடம் இல்ல."

"சரி. வெயில்ல நிக்காத. நாஷ்டா துன்னியா?"

துன்னேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்தில் நின்றவன், "யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான். "எங்க ஊர்க்காரங்க" என்றேன். சித்தி அதற்குள் நாலடி போயிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று மாலை மழை பிடித்தது. மறுநாள் காலையிலும் தூறல். சாலை ஓரமெல்லாம் சேறு. நடப்பவர்கள் தார்மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. பின்னால் ஹாரன் கேட்டால் சேற்றில் இறங்கி, வண்டி போனதும் மறுபடி ஏறுவார்கள். கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பஸ்ஸை முந்திய பைக்கின் கைப்பிடி சித்தியின் சாப்பாட்டுப் பையில் மாட்டியது. அவர் கையை ஊன்றி விழுந்தார். நான் அட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். சோறு தார்மேல் கொட்டிக் கிடந்தது. பைக் நிற்காமல் போயிருந்தது.

"சித்தி, எழுந்திரிங்க" என்றேன். பின்னாலேயே ஓடிவந்த வகுப்பு நண்பர்கள் முன்னால்தான் சொன்னேன். அப்போது அதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மேற்பார்வையாளரிடம் தானாக வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வண்டி நம்பரா பாத்துக்கினு வுழுந்தேன்? யாருன்னு சொல்லுவேன்? வேலையே வாணான்னு அனுப்பிட்டா அது ஒரு பேஜாரு."

மூன்றாம் நாள் கேட்டுக்குப் போனதும் தாளின் ஓரத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டு, "நடப்பவர்" என்று எழுதினேன். ஒன்பது மணிக்குள் அந்தக் கட்டம் நிரம்பி, பின்பக்கம் போனது. விடுதிப் பெண்கள், கேன்டீன் ஆட்கள், தோட்ட வேலைக்காரர்கள், எங்களைப் போல ஊர்ப் பஸ்ஸில் வரும் மாணவர்கள். கார்களைவிட நாங்கள்தான் அதிகம்.

அடுத்த வாரம் நிர்வாகத்தினரோடு நடந்த கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டினேன். டிரான்ஸ்போர்ட் ஆபீசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க ஓரமா போயிடுவாங்கம்மா" என்றார்.

"ஓரம் எங்க சார் இருக்கு? அங்க விழுந்து கை ஒடஞ்சவங்க என் சித்தி."

பேராசிரியை தாளை என் கையிலிருந்து வாங்கி அவர் முன்னால் வைத்தார். "வேன் பத்து நிமிஷம் கழிச்சுக் கெளம்பினா என்ன சார் குறையும்?" என்று மட்டும் கேட்டார். அவர் யோசித்தார். ஒன்றும் குறையாது போலிருந்தது.

அடுத்த மாதம் வேன் எட்டு ஐம்பதுக்குக் கிளம்ப ஆரம்பித்தது. வேலைக்காரர்களும் ஏறலாம் என்றார்கள். பைக்குகளைக் கேட்டருகிலேயே நிறுத்தச் சொன்னார்கள். அதனால் வகுப்பில் பாதிப் பேர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. நடைபாதையும் போட்டார்கள், நூலகம் வரைக்கும். அதற்குமேல் நான் படித்து முடிக்கும்வரை வரவில்லை.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று சித்தி வேனில் ஏறி, சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இறங்கும்போது, "ஜோரா தான் போவுது. ஒரு பேச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள எறங்க சொல்றானே" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கும் நடந்தது. தோழியும் நானும் வேனில் ஏறிய பிறகு கடலை பையிலேயே இருந்தது. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற சேதியைக்கூட ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். சொல்ல நேரமே கிடைக்கவில்லை என்றாள்.

அதனால் கடைசி ஆண்டில் சில மாலைகளில், வேன் வந்து நின்றாலும் டிரைவரிடம் போகச் சொல்லிக் கையசைத்துவிடுவோம். சில நாள் சித்தியும் வந்து சேர்ந்துகொள்வார். ஏரிக்கரையில் கொக்குகள் அடையும் நேரம். பைக்குகள் இல்லாத சாலையில் மூன்று பேரும் வரிசையாக, சாலையின் நடுவிலேயே நடப்போம். சித்தி இரண்டு கையையும் வீசிக்கொண்டு, எங்களைவிட வேகமாக நடப்பார்.