மெட்டில் உட்காராத உண்மை

நான் எழுதிய பாடல்களில் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏற்காட்டுக்கு மேலேறி வரும் சுற்றுலா வேன்களில் அது அலறாத நாள் கிடையாது. புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிப்போன ஒருத்தியைப் பற்றியது. எங்கள் ஊரான நாகலூரில் யாரைக் கேட்டாலும் அது என்னை விவாகரத்து செய்த மனைவிதான் என்பார்கள்.

நடந்தது வேறு. எங்கள் தொழிலில் மெட்டுதான் முதலில் வரும். அதற்குள் நாங்கள் சொல்லை அடைக்க வேண்டும். வீட்டில் நாள் முழுக்க காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதே வேலைதான். அவள் ஏதாவது பேச வந்தால் கையைக் காட்டி நிறுத்துவேன். ஐந்து வருடம் அந்தக் கையைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு காலையில் பையோடு வந்து நின்றாள்.

"நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறனுங்க. வந்து ஒரு வார்த்த கூப்புட்டீங்கன்னா திரும்பி வந்தர்றேன்."

அப்போதும் கையைத்தான் காட்டினேன். போனவள் தானாக வரட்டும் என்ற வீம்பு வேறு. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். பாட்டு பிரபலமானதும் அவரே அதை மறந்துவிட்டார்.

அந்தப் பாட்டுக்கான மெட்டு வந்தபோது 'காத்திருந்தாள்' என்று போட்டுப் பார்த்தேன், இடித்தது. 'போய்விட்டாள்' கச்சிதமாக உட்கார்ந்தது. மெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு அப்படியே அனுப்பிவைத்தேன்.

போன தை மாதம் அவளுடைய அண்ணன் வந்தார். உறவு அறுந்தும் 'மாப்ள' என்பது அவர் வாயைவிட்டுப் போகவில்லை.

"ஏனுங்க மாப்ள, தங்கச்சிக்குக் கிளியூர்ல ஒரு எடம் அமைஞ்சிருக்குதுங்க. பையன் ஊட்டுல உங்க பாட்டக் கேட்டுப்போட்டு, புருசன இப்படி உட்டுப்போட்டு வந்த புள்ள நமக்கு எதுக்குன்னு யோசிக்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லோணும்."

வேறு யாராவது கேட்டிருந்தால், பாட்டு வேறு வாழ்க்கை வேறு என்று மேடைப் பேச்சு பேசியிருப்பேன். முன்னாள் புருஷனே போய் நற்சான்று கொடுக்கும் வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. கூசிக்கொண்டேதான் போனேன். கிளியூரில் பையனின் அம்மா காப்பி கொடுத்தார். கையைக் காட்டியது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்பறம் எதுக்குங்க சாமி, அந்தப் புள்ள மேல பொய்யா எழுதுனீங்க?"

"நெசத்த எழுதியிருந்தா கேக்கறவங்க அவளுக்காக அழுதிருப்பாங்கம்மா. எனக்காக யாரு அழுவா?"

அந்த அம்மா என் காப்பி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செரி, போகட்டும். புள்ள எப்படிங்க?"

"நொம்ப நல்ல புள்ளைங்கம்மா. எனக்கு அவள நொம்பப் புடிக்கும்."

சித்திரையில் கல்யாணம் நடந்தது. அவளைப் பிடிக்கும் என்று நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதையும் அவளுக்கு மாமியாராகப் போகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.