மேகமலை மண்ரோட்டில் ஐந்து கோடு

எனக்கு எழுத்து திருத்தமாக வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போதெல்லாம் முதல் வரி பெரிதாக ஆரம்பித்து, நாலாவது வரியில் எறும்பு ஊர்ந்தது போல் சிறுத்துவிடுகிறது. அதுவும் இந்த நோயின் வேலைதான் என்று டாக்டர் சொன்னார். மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் நான் மேகமலையில் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வந்தேன்!

நோய் முதலில் காலில்தான் தெரிந்தது. எங்கள் ஊர் கோம்பையில் முப்பது வருடம் பால் கேனைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனவள் நான். ஒரு நாள் காலை சொசைட்டி வாசலில் இறங்கினேன். நிலைப்படிக்கு முன்னால் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன. வலி இல்லை. தூக்கத்தான் முடியவில்லை.

“என்னக்கா, போட்டோ எடுக்கிறாகளா? நகருங்க” என்றாள் பின்னால் நின்றவள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்து வைத்தேன்.

பிறகு வலது கை நடுங்கியது. மகள் செல்வி மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். “இது பார்க்கின்சன்” என்றார் (மூளையில் டோபமைன் என்ற சுரப்பு குறைந்து, உடம்பு இறுகி, நடுங்கி, மெதுவாகிவிடும் நோய்). “முழுசா குணமாகாதும்மா. கட்டுக்குள்ள வச்சுக்கலாம்.” செல்வி அழுதாள். எனக்கு மாடுகளை யார் பார்ப்பார்கள் என்றுதான் ஓடியது.

மாடுகளை விற்றுவிட்டு, பழனிசெட்டிபட்டியில் மகள் வீட்டுக்கு வந்தேன். லெவோடோபா மாத்திரை (டோபமைன் குறைவை ஈடுகட்டும் மருந்து) நாளுக்கு மூன்று வேளை. டாக்டர் சொன்னபடி செல்வி ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் தரையில் சிவப்பு டேப்பைக் குறுக்குக் கோடாக ஒட்டினாள். நட என்றால் நடக்காத கால், கோட்டைத் தாண்டு என்றால் தாண்டுகிறது! உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டு இதைச் செய்து பாருங்கள்.

மாப்பிள்ளை காற்றாலையில் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கம் மாமியார் அப்படித்தான் இருப்போம். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படியிலிருந்து, “செல்வி, மோர் வேணுமான்னு கேளு” என்பேன். “போதும்னு சொல்லு” என்பார் அவர். “நான் என்ன போஸ்ட்மேனா?” என்று கத்துவாள் செல்வி.

ஒரு காலை கேட்டருகில் கால் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் மாப்பிள்ளையின் தடித்த டயர் சைக்கிள் சாய்ந்திருந்தது. விழாமலிருக்க ஹேண்டில்பாரைப் பிடித்தேன். பிடித்த கை என்ன நினைத்ததோ, காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். கால் ஒட்டவே இல்லை! செல்வி வாயில் கை வைத்தபடி நின்றாள்.

மறுநாளும் நான் ஓட்டியதைச் செல்வி போனில் வீடியோ எடுத்தாள். அதை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். “சில பேருக்கு இப்படி உண்டும்மா. நடக்கிறத மூளை ஒரு மாதிரி நடத்துது, மிதிக்கிறத வேற மாதிரி. ஓட்டுங்க, மெயின் ரோடு வேண்டாம். ஆனா ஒண்ணு. விழுறதுன்னா இறங்கும்போதுதான் விழுவீங்க. ஆள் பிடிக்காம இறங்கவே கூடாது.”

அவர் சொன்னது போலவே இரண்டு தடவை விழுந்தேன். இரண்டும் இறங்கும்போது. இரண்டாவதில் நெற்றியில் தையல். “இன்னொரு தடவ விழுந்த, சைக்கிளத் தூக்கி எடைக்குப் போட்டுருவேன். சொல்லிட்டேன்” என்றாள் செல்வி. அவள் சொன்னால் செய்வாள். எனக்கு உயிரே போனது போலிருந்தது. உடம்பு என் பேச்சைக் கேட்கும் ஒரே இடம் அந்த சீட்தான்.

இப்படியிருக்கும்போது மாப்பிள்ளை செல்வியிடம், “மேகமலை தேயிலை எஸ்டேட்டச் சைக்கிள்ல சுத்திவர அத்தையையும் கூட்டிட்டுப் போவமா? மேடு ஏற அத்தைக்குப் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கலாம்” என்றார். செல்வி வாயைத் திறக்கும் முன் அடுப்படியிலிருந்து, “வாரேன்னு சொல்லு!” என்று கத்திவிட்டேன்.

வனத்துறையில் அனுமதி வாங்கி, ஜீப்பில் சைக்கிள்களை ஏற்றி மேலே போனோம். செல்வி தன் பேண்ட்டை எனக்கு மாட்டி, தலையில் ஹெல்மெட்டையும் வைத்துவிட்டாள். வெட்கத்தில் துண்டை இடுப்பில் சுற்றினேன். “யம்மா, காட்டுமாடு உன் பேண்ட்டப் பாத்துச் சிரிக்கவா போகுது? துண்டு சக்கரத்துல மாட்டும், அவுத்துரு” என்று பிடுங்கிவிட்டாள். செல்வி முன்னால், நான் நடுவில், மாப்பிள்ளை பின்னால். ஓய்வெடுக்கும் பாறையில் செல்வி என்னைப் பிடித்து இறக்குவாள். அதுவரை இறங்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு.

ரோடா அது? தேங்காய் தேங்காயாகக் கல், மழை அறுத்த பள்ளம், நடுவில் சரளை. எனக்குப் பழைய பால் கேன் நினைவுக்கு வந்தது. கோம்பை மண்பாதையில் பால் தளும்பாமல் ஓட்டும்போது குனிந்து கல்லைப் பார்க்க மாட்டேன். தாண்டி எங்கே போக வேண்டுமோ அங்கே பார்ப்பேன். முழங்கையைத் தளர விடுவேன். அதையே செய்தேன். பின்னாலிருந்து மாப்பிள்ளை, “செல்வி! உங்கம்மா ஓட்டுறதப் பாத்துக் கத்துக்க!” என்றார்.

தேயிலை பறிக்கும் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏய், அங்கன பாருங்கடி, தொப்பி போட்ட கெழவி!”

“நம்ம மேஸ்திரிய விட வேகமால்ல போகுது!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெல்லை அடித்துவிட்டேன்!

தேயிலை முடிந்து சோலைக்காடு வந்தது. வெளிச்சம் பச்சையாகிவிட்டது. மேலே கருமந்திகள் கிளை மாறின. குளிர்ந்த இலை வாசனை. ஜீப் இந்தப் பக்கம் வராது. இறக்கத்தில் செல்வி வளைவைத் தாண்டி மறைந்துவிட்டாள்.

அந்த வளைவில் ஒரு மரத்தடியில் நட்ட கல், துருப்பிடித்த வேல், ஒரு மணி. சாமி.

சொசைட்டிக்குப் போகும் வழியில் கருப்பசாமி உண்டு. முப்பது வருடம் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டே தாண்டியிருக்கிறேன். சாமி முன்னால் சீட்டில் உட்கார்ந்து போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. யோசிக்கவே இல்லை. பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடத்திலேயே கால் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் கனம் என்னைச் சரிவுப் பக்கம் சாய்த்தது. போச்சு, எடைக்குத்தான் என்று நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் முழங்கையையும் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்தார். சைக்கிளைத் தள்ளி மரத்தில் சாய்த்துவிட்டு, “வாங்கத்தை, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

அதுதான் தப்பு. இழுத்தால் மேல் உடம்புதான் போகும், கால் வராது. முகம் குப்புற விழப் போனேன். செல்வியைக் கூப்பிடப் பார்த்தேன். செல்வி இல்லை. சாமியையும் மாப்பிள்ளையையும் தவிர யாருமில்லை.

“இழுக்காதீக மாப்ள!” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “கையை விடுங்க. வீட்டுல ஒட்டியிருக்குல்ல, அது மாதிரி கோடு போடுங்க!”

அவர் சட்டென்று கையை விட்டார். பிறகு கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் குறுக்காக ஐந்து கோடு இழுத்தார், என் கால் முனையிலிருந்து சைக்கிள் வரை.

“எட்டிப் போட்டுட்டீக. கிட்டக்கப் போடுங்க.”

“சரிங்கத்தை.” அழித்துப் போட்டார்.

ஒன்று. தாண்டினேன். இரண்டு. மூன்றில் கொஞ்சம் நின்றது. “மூணத் தாண்டிருங்கத்தை, ரெண்டுதான் பாக்கி” என்றார், தொடாமல் கையை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான்கு. ஐந்து. ஹேண்டில்பார் கைக்கு வந்தது. ஏறினேன். சாமியைப் பார்த்து, “இனிமே சீட்டுல உக்காந்தே கும்புடுறேன், கோவிச்சுக்காத” என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

அதற்குப் பிறகு வந்த இறக்கத்தை எப்படி எழுதுவது! காற்று காதில் இரைந்தது. கை நடுக்கம் எது, ரோட்டின் அதிர்வு எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, மாப்பிள்ளை சொன்னார்.

பாறையருகில் செல்வி என்னை இறக்கி உட்கார வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஏன் இவ்வளவு நேரம்? விழுந்தியா?”

“விழல. எறங்கிட்டேன்” என்றேன். ஒளிக்கத் தோன்றவில்லை.

“அத்தை எறங்குனாக. அப்புறம் என்னையப் போட்டு அதட்டுனாக” என்றார் மாப்பிள்ளை.

“யாரு, எங்கம்மாவா? உங்ககிட்டயா? நேராவா?” செல்வி பாறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோபப்பட மறந்துவிட்டாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, “சைக்கிள் இருக்கட்டும். ஆனா இவுக பின்னால வந்தாத்தான்” என்றாள்.

உடம்பு எனக்குள் இருக்கிற பொருள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது அது கூட வருகிற ஆள் மாதிரி. கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பு பால் கறக்கும் நேரம், இப்போது மாத்திரை நேரம். அந்தச் சுற்று நான்கு மணி நேரம் என்கிறாள் செல்வி. எனக்கு ஒரே மூச்சாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஐந்து கோட்டைத் தாண்டியது மட்டும் ஒரு பகல் முழுக்க நடந்தது போல, ஒவ்வொரு கோடாக, இன்னும் காலில் இருக்கிறது.

சுற்று பதினெட்டு கிலோமீட்டர் என்று எழுத நினைத்தேன், உறுதியில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் என்பதும் குழப்பமாக இருக்கிறது. இதைப் படிக்கிற நோயாளிக்குத் தப்பாகப் போய்விடக் கூடாது. இதை அச்சில் போடும் முன் மருந்து விஷயத்தை விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். தூரத்தை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன்.