கெட்டி ரத்தம்

முதலில் தன் விரலைத்தான் குத்திக்கொள்வார் லத்தீப். இடது கை மோதிரவிரல். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, ஊசி முனையால் ஒரு தட்டு. சிவப்பாக முத்து ஒன்று எழும். பஞ்சை ஒற்றி எடுத்தால் நின்றுவிடும். "எங்க குத்துனேன்? சொல்லுங்க பாக்கலாம்" என்று விரலைச் சுற்றியிருப்பவர்களிடம் நீட்டுவார். யாராலும் காட்ட முடியாது. அதற்குப் பிறகுதான் புதூர்நாட்டு மலை ஜனங்கள் தயங்கித் தயங்கித் தங்கள் கையைக் கொடுப்பார்கள்.

மலேரியா ஒழிப்பில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலையில் தன் பங்குக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் காய்ச்சல் உண்டா என்று விசாரிக்க வேண்டும். உண்டென்றால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு, மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைத்து, சுவரில் தேதி எழுதிவிட்டு நகர வேண்டும். சில்லு காய்கிற வரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே இருப்பார். "ஈ நக்கிட்டா ஒரு ஆளோட காச்சலே காணாமப் போய்டும்" என்பார்.

முகம் அவருக்கு நினைவில் நிற்காது. ராஜாக்கண்ணு என்று ஒருவன் பெயர் சொன்னால் விழிப்பார். விரலைக் கண்டதும், "அட, கொடுவா பட்ட தழும்பு! நீதானா அது?" என்று தோளில் தட்டுவார்.

கொழுப்பில்லாத கறியைக் கறி என்றே ஒப்புக்கொள்ளாத மனுஷன். கொழுப்பு தின்றவனுக்கு மலை ஏற்றம் தெரியாது என்பது அவர் கட்சி. சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த குப்பம்மா ஒருநாள் கேட்டாள்: "இன்னா பாய், உங்க ஒடம்புல ரத்தமே இல்லியா? குத்துனா நின்னுடுதே!"

"இருக்குதும்மா. கெட்டி ரத்தம். எங்க வம்சமே அப்டித்தான். எங்கண்ணன் தோல் சீவுற கத்தில கைய அறுத்துக்குவாரு. பேசிக்கினு இருக்கும்போதே நின்னுடும்."

அந்த அண்ணன் சத்தார் அறுபத்தைந்தாம் வருஷம் வாணியம்பாடியில் தோல் மண்டி வாசலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று. அவர்கள் தகப்பனாரும் நாற்பத்து நாலு வயதில் அப்படித்தான் போனார். ஆண்டவன் போட்ட கணக்கு என்று வீட்டில் எல்லோரும் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். லத்தீப்புக்கு அப்போது முப்பத்தேழு.

மறு வருஷம், எடுத்த சில்லுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தப் பரிசோதனை டாக்டர் ஆதிநாராயணன் சில்லுப் பெட்டியை வாங்கவில்லை. லத்தீப்பின் முகத்தையே பார்த்தார்.

"கண் இமையில இந்த மஞ்சள் எத்தனை நாளா இருக்கு?"

"அதா சார்? ரொம்ப நாளா. மஞ்சா ஒட்டிக்கினுகீதுன்னு எங்க வூட்ல தேய்ச்சிகூட பாத்தாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. கால்சட்டையை உயர்த்தச் சொல்லி, குனிந்து, குதிகாலுக்கு மேலுள்ள நரம்பைப் பிடித்துப் பார்த்தார். கெட்டியாக ஒரு புடைப்பு. "மலை ஏறி ஏறி காப்பு காச்சிப் போச்சி சார்" என்றார் லத்தீப். டாக்டர் தகப்பனாரைப் பற்றிக் கேட்டார். அண்ணனைப் பற்றிக் கேட்டார். பிறகு முழங்கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். ஆயிரக்கணக்கான விரல்களைக் குத்தியவர் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜைமேல் இரண்டு சின்னக் குழாய்கள். ஒன்றில் கம்பவுண்டர் சுப்பிரமணியின் ரத்தம், மற்றதில் லத்தீப்புடையது. சிவப்பு நீக்கி, மேலே நிற்கும் கலங்கலான மஞ்சள் நீரை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். டாக்டர் இரண்டிலும் ஒரே மருந்தை ஒவ்வொரு சொட்டு விட்டு ஆட்டினார். சுப்பிரமணியின் குழாய் கலங்கலாகவே நின்றது. லத்தீப்பின் குழாயில் திரிந்த பாலைப்போலப் பொடிப்பொடியாகத் திரண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்கின.

"இந்தப் பொடிங்களுக்கு பிளேட்லெட்னு பேர். வெட்டுப் பட்டா ஓடிவந்து அடைக்கிறது இதுங்கதான். உங்க ரத்தத்துல பிறவியிலேயே கொழுப்பு அளவுக்கு மேல. இமையில மஞ்சளா, குதிகால்ல புடைப்பா நிக்கிறதும் அந்தக் கொழுப்புதான். அதனால இதுங்க சுலபமா ஒட்டிக்குது. வெளியில காயம் வேணும்னு இல்ல. உள்ளே கொழுப்பு படிஞ்ச ரத்தக் குழாய்ல ஒரு கீறல் விழுந்தா போதும், அங்கேயே கூடி அடைச்சிடும். அது நெஞ்சுக் குழாயா இருந்தா..."

லத்தீப்பின் கண் அந்தக் குழாயைவிட்டு நகரவில்லை. சுப்பிரமணி கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"அப்ப எங்கண்ணன்?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"குத்துனா ஒடனே நின்னுடற இந்த ரத்தத்த காட்டித்தானே சார், ஊர் ஊரா எல்லாரையும் கை நீட்ட வெச்சேன்" என்றார். "மருந்து?"

"இதுதான்னு சொல்ற மாதிரி மருந்து இன்னும் வரல. நெய், கொழுப்பு, பீடி மூணையும் விட்டுடுங்க. மாசம் ஒருதரம் வந்து காட்டுங்க." டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "பசங்க இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு. பன்னண்டு வயசு."

"பாதிக்குப் பாதி வரலாம், வராமலும் இருக்கலாம். இந்த வயசுல வெளியே தெரியறது அபூர்வம். எதுக்கும் குதிகால் நரம்பைத் தொட்டுப் பாத்துட்டு, ஒருநாள் கூட்டிக்கிட்டு வாங்க."

பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும் அவருக்கு நினைவில்லை. வெயில் தாழ வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சகிலா கால்களை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஜெய்புன்னிசா, "இன்னாங்க, மொகமே சரியில்லியே?" என்றாள். லத்தீப் மகளின் எதிரே உட்கார்ந்து அவள் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொலுசை மேலே தள்ளி, குதிகால் நரம்பின் மீது கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

பாதியில் விரல் நின்றது. அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று, தோலுக்கு அடியில் வழுக்கி நழுவியது.

"விடுங்க அத்தா, கூசுது" என்று சகிலா சிரித்தாள்.

அந்தக் காலைக் கீழே வைத்துவிட்டு இடது காலை எடுத்தார். கொலுசைத் தள்ளினார். நரம்பின்மேல் கட்டைவிரலை வைத்தார். வைத்தவர் அழுத்தவில்லை.